நோய்க்கிருமிகள் தம் நொதிகளைக் கொண்டு நம் நோயெதிர்ப்பிடமிருந்து எவ்வாறு தப்புகின்றன?

உடலில் இத்தனை வெள்ளணுக்கள் இருந்தும் சில பாக்டீரியாக்கள் எப்படிப் பிழைத்துக்கொள்கின்றன, அதில் நொதிகளின் பங்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிபவன் என்ற முறையில், நாங்கள் அடிக்கடி காணும் கிருமியிலிருந்தே தொடங்குகிறேன்.

குளச்சல், முட்டம் பகுதிகளிலிருந்து மீன் முள் குத்திய கை பழுத்து வருபவர்களின் சீழை வளர்த்துப் பார்த்தால், பல வேளைகளில் கிடைப்பது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது சுரக்கும் கோயாகுலேஸ், நம் இரத்தத்தை உறையவைக்கும் புரதமான புரோத்ராம்பினோடு இணைந்து அதைச் செயல்படத் தூண்டுவதால், ஃபைப்ரின் இழைகள் உருவாகிக் கிருமிக் கூட்டத்தைச் சுற்றி மதில்போல் நிற்கின்றன. இதைவிட வியப்பானது அடுத்த வேலை. வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் அணுக்கள் தம் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமிகளைப் பிடிக்கும்போது, இது நியூக்ளியேஸ் நொதியால் அந்த வலையை அறுப்பதோடு நிற்பதில்லை. அறுந்த துண்டுகளை மற்றொரு நொதியால் டீஆக்ஸிஅடினோசின் என்ற பொருளாக மாற்றி, உதவிக்கு வரும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்களையும் அதனாலேயே கொல்கிறது.

வெள்ளணுக்கள் கிருமிகள்மேல் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைத்துவிடுவது கேட்டலேஸ். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு பெராக்சைடில் கிருமியைக் கலந்தவுடன் நுரை பொங்கினால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்றும், பொங்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றும் முதற்கட்டமாகப் பிரிப்பது இதை வைத்துத்தான். மழைக்காலத்தில் ஏலாக்களில் (நெல்வயல்களில்) இறங்கி வேலை செய்வோரைத் தாக்கும் எலிக்காய்ச்சலின் கிருமியான லெப்டோஸ்பைராவிலும் கேட்டலேஸ் உண்டு. அந்தக் கேட்டலேஸுக்கான மரபணுவைச் சிதைத்த கிருமியால் ஆய்வக விலங்குகளில் நோயை உண்டாக்க முடியவில்லை.

தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வெள்ளணுக்களை அழைக்கும் சி5ஏ என்ற சமிக்ஞைப் புரதத்தையே வெட்டிவிடுகிறது. நிமோனியாவின் நிமோகாக்கஸ், சளிச்சவ்வைக் காக்கும் ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருளை அதன் நடுப்பகுதியில் துண்டிக்கிறது. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி, யூரியாவிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது.

என் கருத்தில் இவை எல்லாவற்றிலும் ஆழ்ந்து படிக்க வேண்டியது காசநோய்க் கிருமி. தன்னை விழுங்கிய மேக்ரோஃபேஜுக்குள்ளேயே அது பாஸ்ஃபடேஸ் வகை நொதி ஒன்றைச் சுரந்து, அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த லைசோசோம் தான் இருக்கும் அறையோடு இணைவதைத் தடுக்கிறது; அப்படியும் வந்து சேரும் பெராக்சைடைக் கேட்ஜி என்ற கேட்டலேஸ்-பெராக்சிடேஸால் சிதைக்கிறது. ஆனால் 1952 முதல் நாம் கொடுத்துவரும் ஐசோனியாசிட், உடலுக்குள் செல்லும்போது செயலற்ற மருந்து; அம்மருந்தைக் கிருமியைக் கொல்லும் வடிவுக்கு மாற்றுவதும் இதே கேட்ஜிதான் என்பது 1992இல் தெளிவாயிற்று. கேட்ஜியை அடியோடு இழந்தால் கிருமி மருந்துக்குத் தப்பும், ஆனால் வெள்ளணுவிடம் வலுவிழக்கும். ஆகவே நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது, நொதியின் 315ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலம் த்ரியோனின் என்ற மற்றொன்றாக மாறும் திரிபு: அது மருந்தைச் செயல்படுத்துவதில்லை, பெராக்சைடைச் சிதைக்கும் ஆற்றலையோ பெருமளவு காத்துக்கொள்கிறது. சளி மாதிரியில் செய்யும் எல்.பி.ஏ. (லைன் புரோப் அஸ்ஸே) என்ற மரபணுப் பரிசோதனையில் ஐசோனியாசிட் எதிர்ப்பை அறிய நாம் தேடும் முதன்மையான திரிபு அதுவே; அது தென்பட்டால் மருத்துவர் சிகிச்சை முறையை மாற்றி அமைக்கிறார்.