கிரிப்டோ வாலட்: கேளுங்கள், சொல்கிறோம்

எந்தக் காயின் ஏறும் என்று கேட்ட கடிதங்களை ஒதுக்கிவிட்டோம்; அதற்குச் சோழி உருட்டுபவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதை வாலட்டில் (காயினை நகர்த்தும் சாவிகளை வைத்திருக்கும் ஆப் அல்லது கருவி) தொலைக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்டவர்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

புதிதாக வாலட் ஆப் போட்டேன். 12 ஆங்கிலச் சொற்களைக் காட்டி எழுதி வைக்கச் சொன்னது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் டிரைவில் போட்டுவிட்டேன். டிரைவுக்கு ஓடிபி பாதுகாப்பு இருக்கிறது. போதும்தானே? (வாசகர், ஈரோடு)

போதாது. அந்த 12 சொற்களும் பாஸ்வேர்டு அல்ல. பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்ற வழியில்லை. காயினை நகர்த்தும் ரகசியச் சாவிகளான உங்கள் பிரைவேட் கீ எல்லாமே, சீட் (விதை) சொற்கள் எனப்படும் இவற்றிலிருந்துதான் கணக்கிட்டு எடுக்கப்படுகின்றன. காயின் போனுக்குள் இல்லை, பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது. சொற்கள் எவர் கையில் இருக்கின்றனவோ அவர் உங்கள் போனைத் தொடாமலே அதை நகர்த்திவிடலாம். ஓடிபி கேட்காது, ஓடிப்போய்ச் சொல்ல வங்கி மேலாளரும் கிடையாது.

2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுத்த 12 சொற்களை ஊகித்துக் கண்டுபிடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் திருடர்கள் ஊகிப்பதில்லை, படிக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அம்பலப்படுத்திய ஸ்பார்க்கேட் என்ற திருட்டு நிரல், கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த ஆப்களுக்குள் ஒளிந்திருந்தது. கேலரிக்கு அனுமதி கொடுத்தால் போதும், படங்களில் உள்ள எழுத்துகளைப் படித்து, சீட் சொற்கள் மாதிரித் தெரிவதை மட்டும் பொறுக்கி அனுப்பிவிடும்.

படத்தை இப்போது அழித்தாலும் பயனில்லை. போன் குப்பைத்தொட்டி, டிரைவ் குப்பைத்தொட்டி, தானாக ஏறிய பேக்கப் என்று எத்தனை நகல் இருக்கிறதோ! அந்தச் சொற்கள் கசிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். புது வாலட் உருவாக்கி, புதுச் சொற்களைக் காகிதத்தில் எழுதி, பழையதில் உள்ளதை அதற்கு மாற்றுங்கள். முதலில் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு மீதி. எத்தீரியம் என்ற பிளாக்செயின் என்றால் அதில் உள்ள மற்ற டோக்கன்களை முதலில் அனுப்பி, அதன் சொந்தக் காயினான ஈத்தரைக் கடைசியில் அனுப்ப வேண்டும். ஈத்தர் முதலில் போய்விட்டால் டோக்கனை நகர்த்தக் கட்டணம் கட்டக் கையில் ஒன்றும் இருக்காது. அனுப்ப வேண்டிய வாலட் முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி எடுக்காதீர்கள். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து ஒத்துப்போகும் போலி முகவரியிலிருந்து சுழியத் தொகை அனுப்பி, அந்தப் பட்டியலில் இடம்பிடித்துக் காத்திருப்பது இப்போது பரவலான மோசடி.

திருடனுக்குப் புரியக்கூடாது என்று 12 சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நல்ல யோசனைதானே? (வாசகி, பாளையங்கோட்டை)

திருடனுக்குப் புரிகிறதோ இல்லையோ, ஐந்து வருடம் கழித்து உங்களுக்கே புரியாது. 'டிரை' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். முயற்சி செய் என்ற டிரையா, உலர்ந்த என்ற டிரையா? இரண்டுமே அந்த 2048-இல் உண்டு. 'டிரிப்' என்றால் பயணமா, சொட்டுவதா? அதுவும் இரண்டும் உண்டு. அமைதிக்கும் துண்டுக்கும் ஒரே 'பீஸ்'. வலது பக்கத்துக்கும் எழுதுவதற்கும் ஒரே 'ரைட்'. முதல் இரண்டும் நம் எழுத்தில் ட என்ற ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால் வரும் வினை; பின் இரண்டும் ஆங்கிலத்திலேயே ஒரே ஒலி, எழுத்துக்கூட்டுதான் வேறு. தமிழ்ச் சொற்களுக்கென்று அதிகாரபூர்வப் பட்டியலும் கிடையாது.

இன்றே ஆங்கிலப் பெரிய எழுத்தில், 1 முதல் 12 வரை எண் போட்டு எழுதுங்கள். கையெழுத்து சுமாராக இருந்தாலும் கவலையில்லை: பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. நான்கு எழுத்து தெளிவாக இருந்தால் சொல் முழுதும் கிடைத்த மாதிரி.

மழையில் அலமாரி நனைந்து, எழுதி வைத்த தாளில் ஏழாவது சொல் முழுதாக அழிந்துவிட்டது. மீதி 11 இருக்கிறது. பணம் போனதுதானா? (வாசகர், கடலூர்)

போகவில்லை. எந்த இடத்துச் சொல் என்று தெரிகிறது. எனவே 2048 வாய்ப்புகள்தான். சொற்களுக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. 12 சொல் அமைப்பில் தற்செயலாகப் போடும் வரிசைகளில் 16-க்கு ஒன்றுதான் அதில் தேறும். ஆகச் சுமார் 128 வரிசைகள் மிஞ்சும். ஒவ்வொன்றும் எந்த முகவரியைத் தருகிறது என்று பார்த்து, உங்கள் பழைய முகவரியோடு ஒத்துப்போவதைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. பிடிசி ரெக்கவர் என்ற இலவச நிரல் இதைச் செய்கிறது. நிரலை இறக்கிக்கொண்டு, இணையத்தைத் துண்டித்த பிறகே சொற்களைத் தட்டுங்கள். இரண்டு சொல் அழிந்தாலும் (சுமார் 2.6 லட்சம் வரிசைகள்) வீட்டுக் கணினியே சமாளிக்கும். 'சீட் மீட்டுத் தருகிறோம்' என்று கூகுளில் வரும் தளங்களிலும், டெலிகிராமில் வந்து ஆறுதல் சொல்பவர்களிடமும் மட்டும் மீதி 11 சொற்களைக் கொடுத்துவிடாதீர்கள். 128 முயற்சி அவர்களுக்கும் சுலபம்தான்.

கிடைத்தவுடன் தகட்டுக்கு மாறுங்கள். எஸ்.எஸ். 304 துருப்பிடிக்காத எஃகுத் தகடு, 2 மி.மீ. கனம், உள்ளங்கை அளவு. ஹார்ட்வேர் கடையில் 4 மி.மீ. எழுத்து பஞ்ச் செட், ஒரு சுத்தியல். ஒரு சொல்லுக்கு நான்கு எழுத்து, மொத்தம் 48. மூன்றெழுத்துச் சொல் என்றால் நான்காவது இடத்தில் ஒரு கோடு. இல்லாவிட்டால் எழுத்து விட்டுப்போனதா என்று பின்னாளில் குழம்புவீர்கள். தகட்டை மர மேசையில் வைத்து அடித்தால் துள்ளும், எழுத்து இரட்டையாக விழும். சிமெண்டுத் தரையில் வைத்து ஒரே அடி. எஃகு உருகச் சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் வேண்டும், அலுமினியம் 660-இலேயே உருகிவிடும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதென்று அலுமினியம் வாங்க வேண்டாம். பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் மெஷினில் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை என்று தோன்றும். வெட்டுபவர் அதைப் படித்துத்தானே வெட்டுவார்?

12 சொற்களை ஆறு ஆறாகப் பிரித்து எங்கள் வீட்டில் ஒன்று, மாமனார் வீட்டில் ஒன்று வைக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

வேண்டாம். திருட்டுக்குப் பயந்து தொலைப்பதற்கு வழி செய்கிறீர்கள். முன்பு ஒரு தாள் தொலைந்தால் நஷ்டம். இப்போது இரண்டில் எது தொலைந்தாலும் நஷ்டம். இதற்கு மாற்றாக மூன்று தாள் செய்து, எந்த இரண்டு சேர்ந்தாலும் 12 வருமாறு ஒவ்வொன்றிலும் எட்டெட்டுச் சொற்கள் எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். ஒரு தாள் கிடைத்தவனுக்கு நான்கு சொற்கள்தான் தெரியாது. சரிபார்ப்பையும் கழித்தால் 1.1 லட்சம் கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருக்கும். நல்ல கிராபிக்ஸ் கார்டுகளுக்குச் சில நாள் வேலை.

பிரித்து வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, பாஸ்பிரேஸ்: சொற்களோடு நீங்களாகச் சேர்க்கும் ஒரு ரகசியத் தொடர். இதில் ஒரு பொறி இருக்கிறது. தவறாகத் தட்டினால் 'தவறு' என்று வாலட் சொல்லாது. வேறொரு காலி வாலட்டைத் திறந்து காட்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நடுவில் ஒரு இடைவெளி எல்லாமே கணக்கு. நினைவில் இருக்கும் என்று எழுதாமல் விட்டவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். எழுதுங்கள், ஆனால் சொற்கள் இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, பிட்காயினில் மல்டிசிக்: மூன்று சாவிகள், எந்த இரண்டு கையெழுத்திட்டாலும் பணம் நகரும். பெரிய தொகைக்கு எங்கள் ஓட்டு இதற்கே. ஆனால் இரண்டு சாவிகளின் சொற்கள் மட்டும் இருந்தால் மீட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். மூன்றாவதின் எக்ஸ்பப் எனப்படும் பொதுச்சாவித் தொடரும் தேவை. அது இல்லாமல் அந்த முகவரியையே திரும்பக் கட்ட முடியாது. ஸ்பாரோ போன்ற வாலட்டுகள் மூன்று எக்ஸ்பப்பும் அடங்கிய அமைப்புக் கோப்பைச் சேமித்துத் தரும். அதன் நகலை மூன்று இடங்களிலும் வையுங்கள். அது திருடுபோனால் இருப்பு எவ்வளவு என்று தெரியுமே தவிர எடுக்க முடியாது.

தள்ளுபடியில் ஹார்ட்வேர் வாலட் (சாவிகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சிறு கருவி) வாங்கினேன். பெட்டிக்குள்ளேயே 24 சொற்கள் அச்சிட்ட கார்டு இருந்தது. அதைப் பத்திரப்படுத்தினால் போதுமா? (வாசகர், ஓசூர்)

அந்தச் சாதனத்தில் ஒரு காசு கூடப் போடாதீர்கள். சொற்களைச் சாதனம் உங்கள் கண் முன்னே தன் திரையில் உருவாக்க வேண்டும். கார்டு வெற்றாக வர வேண்டும். அச்சிட்டு வந்தது விற்றவனின் வாலட். ஹார்ட்வேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2020-இல் கசிந்த பிறகு, கேட்காமலே சிலர் வீட்டுக்குத் திருடுவதற்கென்றே உள்ளே மாற்றியமைத்த சாதனங்கள் தபாலில் போன கதையும் உண்டு. நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள். பணம் போடும் முன் ஒத்திகை அவசியம்: லெட்ஜர் என்றால் வேண்டுமென்றே மூன்று முறை தவறான பின் எண் போடுங்கள், எல்லாம் அழிந்துவிடும். பிறகு நீங்கள் எழுதிய சொற்களிலிருந்து மீட்டு, அதே முகவரி வருகிறதா என்று பாருங்கள்.

யாருக்கும் சொற்களைத் தரவில்லை. ஏர்டிராப் (இலவச டோக்கன்) தருவதாகச் சொன்ன தளம் ஒன்றில் 'சைன்' மட்டும் அழுத்தினேன், கட்டணம் கூடப் பிடிக்கவில்லை. மறுநாள் யுஎஸ்டிசி (டாலர் மதிப்புள்ள டோக்கன்) முழுதும் காணோம். எப்படி? (வாசகர், கோயம்புத்தூர்)

கட்டணம் பிடிக்காததுதான் தடயம். நீங்கள் கையெழுத்திட்டது பெரும்பாலும் 'பெர்மிட்' என்ற அனுமதிச் சீட்டாக இருக்கும். 'என் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்' என்று கையெழுத்துப் போட்ட காசோலை மாதிரி. தொகை என்ற இடத்தில் அனுமார் வால் போல நீளும் எண் இருந்திருக்கும். அளவில்லை என்று பொருள். அந்தச் சீட்டைத் திருடன் தன் செலவில் பிளாக்செயினில் போட்டுக்கொள்வான், அதனால்தான் உங்களுக்குக் கட்டணமில்லை.

போனது திரும்புவது அரிது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்து, பரிவர்த்தனை ஹேஷோடு (அந்தப் பரிவர்த்தனையின் அடையாளத் தொடர்) புகார் கொடுங்கள். பணம் ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குள் (காயின் வாங்கி விற்கும் தளம்) நுழைந்தால் முடக்க வாய்ப்புண்டு. மீதி டோக்கன்களை உடனே வேறு முகவரிக்கு மாற்றுங்கள். கட்டணம் பிடித்து வழக்கமான 'அப்ரூவ்' கொடுத்திருந்தால், ரிவோக் (revoke.cash) என்ற தளத்தில் அந்த அனுமதியை ரத்து செய்யலாம். மெட்டாமாஸ்க் வாலட்டில் 'டிஸ்கனெக்ட்' அழுத்துவது ரத்து ஆகாது. அது தளத்தோடு உள்ள தொடர்பை மட்டும் அறுக்கும். ஹார்ட்வேர் வாலட் இருந்தாலும் படிக்காமல் கையெழுத்திட்டால் இதே கதிதான். 2025 பிப்ரவரி 21-இல் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனபோது, கையெழுத்திட்டவர்கள் திரையில் கண்டது வழக்கமான மாற்றல். உள்ளே இருந்தது வேறு. புதுத் தளங்களுக்கென்று சில்லறை மட்டும் உள்ள தனி வாலட் வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப் கமெண்டில் ஒருவர் தன் 12 சொற்களை அப்படியே போட்டு உதவி கேட்கிறார். திறந்து பார்த்தால் உள்ளே நிறைய யுஎஸ்டிடி (இதுவும் டாலர் மதிப்புள்ள டோக்கன்)! (பெயர் வேண்டாம் என்கிறார் வாசகர்)

பெயர் வேண்டாம் என்பது புரிகிறது. அது டிரான் என்ற பிளாக்செயினில் உள்ள வாலட். எடுக்க அதன் சொந்தக் காயினான டிஆர்எக்ஸில் கட்டணம் வேண்டும் என்று காட்டும். நீங்கள் டிஆர்எக்ஸ் அனுப்புவீர்கள், அது நொடியில் மறைந்துவிடும். அந்தக் கணக்கின் கையெழுத்து உரிமை ஏற்கெனவே வேறொரு முகவரியிடம் இருக்கிறது. அந்த 12 சொற்களால் ஒன்றும் எடுக்க முடியாது. தூண்டிலில் இருக்கும் புழுதான் அந்த யுஎஸ்டிடி.

இவ்வளவு தொல்லைக்கு எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிடலாமே? (வாசகர், சென்னை)

சிறு தொகைக்கு விடலாம், அதில் தவறில்லை. எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில் ஆதென்டிகேட்டர் ஆப் போட்டு, பணம் வெளியே போகும் முகவரிகளைக் கட்டுப்படுத்தும் வசதியை இயக்குங்கள். ஆனால் 2024 ஜூலை 18-இல் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கும் மேல் திருடு போனபின், 2025 அக்டோபரில் அது மீண்டும் திறக்கும்வரை வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். அதே அக்டோபரில் ஒரு முதலீட்டாளர் தொடர்ந்த வழக்கில், கிரிப்டோ ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கக்கூடிய சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போடக் கைகொடுக்கும் தீர்ப்புதான். ஆனால் வழக்குப் போடும் நிலை வரும் அளவுக்கு அங்கே வைக்க வேண்டுமா என்பதை நீங்களே தொகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவிக்கு எப்படிப் போய்ச் சேரும்? நாமினி போட முடியுமா? (வாசகர், மதுரை)

சொந்த வாலட்டுக்கு நாமினி கிடையாது. உயிலில் சொற்களை எழுதவும் கூடாது. உயில் பலர் கைக்குப் போகும் காகிதம். தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த வாலட், எந்த நெட்வொர்க், தகடு எங்கே, பாஸ்பிரேஸ் உண்டா இல்லையா. பிட்காயின் என்றால் உங்கள் முகவரி 1-இலா, 3-இலா, பிசி1 என்றா தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். அது தெரியாவிட்டால், சரியான சொற்களைப் போட்டும் வேறு வாலட்டில் இருப்பு சுழியம் என்று காட்டி, எல்லாம் போய்விட்டதென்று அழ வைத்துவிடும். பிறகு 500 ரூபாய் மதிப்புள்ள காயினைத் தனி வாலட்டில் போட்டு, அதற்கென ஒரு கடிதமும் எழுதி, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவரையே பழைய போன் ஒன்றில் மீட்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.