சங்க உரிமையும் நாட்டின் இறையாண்மையும்: கேள்வி பதில்

திருப்பூர், தையல் தொழிலாளி: சங்கம் என்று பேச்செடுத்தாலே, "இந்தியா அந்தச் சர்வதேச ஒப்பந்தத்தை ஏற்கவே இல்லை" என்கிறார் எங்கள் பனியன் கம்பெனி மேலாளர். உண்மையா?

பாதி உண்மை அம்மா. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த, சங்கம் அமைக்கும் சுதந்திரத்துக்கான 87ஆம் உடன்படிக்கையையும் (1948), கூட்டுப் பேரத்துக்கான, அதாவது சங்கம் முதலாளியுடன் பேசி முடிவு காண்பதற்கான, 98ஆம் உடன்படிக்கையையும் (1949) இந்தியா ஏற்கவில்லை. ஆயினும் தங்கள் உரிமை நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் விண்ணப்பிக்க வேண்டும். தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கினர் அல்லது நூறு பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை உறுப்பினர்களும் வேண்டும்.

ஈரோடு, கல்லூரி ஆசிரியர்: ஏற்காத உடன்படிக்கையை வைத்து ஜெனீவாவில் உள்ள அந்த அமைப்பு நம்மைக் கேட்பது இறையாண்மையில் தலையிடுவதாகாதா?

ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கியபோதே இந்தியா அதில் உறுப்பினர். அதன் அமைப்புச் சட்டத்தை ஏற்றுத்தான் இன்றும் உறுப்பினராகத் தொடர்கிறது. உடன்படிக்கையை ஏற்காத நாடும் சங்கச் சுதந்திரத்தை மதிக்கக் கடமைப்பட்டது என்று அந்த அமைப்பின் 1998 பிரகடனம் சொல்கிறது. அத்தகைய நாட்டின் மீதான புகாரையும் 1951 முதல் இயங்கும் அதன் சங்கச் சுதந்திரக் குழு விசாரிக்கிறது. குழுவால் பரிந்துரைக்க முடியுமே தவிர, நம் சட்டத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. 87ஆம் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவையும் பாருங்கள்: சங்கங்கள் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், அந்தச் சட்டம் சங்க உரிமையைக் குலைக்கக் கூடாது என்று இரு தரப்பையும் அது கட்டுப்படுத்துகிறது.

கோவை, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: 2003இல் எங்களுக்கு நேர்ந்ததை அந்த அமைப்பு தடுக்கவில்லையே?

தடுக்கவில்லை ஐயா. வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் பேரைத் தமிழக அரசு பணிநீக்கம் செய்தது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அரசு ஊழியர் நடத்தை விதிகளைக் காட்டித்தான் மத்திய அரசு அந்த இரு உடன்படிக்கைகளையும் தள்ளிப்போட்டு வருகிறது. ஆனால் 87ஆம் உடன்படிக்கை விலக்க அனுமதிப்பது ராணுவத்தையும் காவல்துறையையும் மட்டுமே. குமாஸ்தாவையும் ஆசிரியரையும் அந்த வரிசையில் நிறுத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை.

அவிநாசி, ஏற்றுமதியாளர்: வெளிநாட்டு பையர் ஆடிட் வைத்துச் சங்க உரிமை பற்றிக் கேட்கிறாரே, அது எந்தச் சட்டம்?

சட்டமே இல்லை, ஆர்டருடன் தாங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை. செக்கிங் பகுதிச் சுவரில் அந்த விதிகளை ஒட்டிவைத்து, ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் தொழிலாளர்களைப் படிக்கச் சொல்வது பரவலாக நடக்கிறது. இறையாண்மை குறித்துக் கவலைப்படுவோர் கேட்க வேண்டிய இடம் இதுதான்: நம் தொழிலாளர் துறை செய்ய வேண்டிய சோதனையை ஏன் பையரின் ஆள் செய்கிறார்?