பென்சிலை எறியும் பையனும் பயிற்சிக்கு வந்த மாணவிகளும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான ஆதரவுக் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகம் இரண்டு முதுகலை உளவியல் மாணவிகளைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், ஆனால் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கூச்சல் போட்டுப் பென்சிலை எறிந்தால் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிறார்கள். எப்படிப் பழக்குவது?

பதில்: வணக்கம் அம்மா. அவர்கள் திகைத்து நிற்பது இயல்புதான், விரிவுரை கேட்டு மட்டும் இந்த வேலை யாருக்கும் வராது. சொல்லிக் கொடுக்க வேண்டும், செய்து காட்ட வேண்டும், அவர்களைச் செய்ய வைக்க வேண்டும், செய்த கையோடு எது சரி எது சரியில்லை என்று சொல்ல வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால்தான் அது நடத்தைத் திறன் பயிற்சி, பல இடங்களில் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் வாரம் அவர்கள் பையனிடம் எதுவும் செய்யவே வேண்டாம். வகுப்பின் பின்னால் உட்கார்ந்து எழுதட்டும். 'முரட்டுத்தனம் காட்டினான்' என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். '8:40, கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார், பென்சிலை எறிந்தான், டீச்சர் வெளியே நிற்க வைத்தார், கணக்கு செய்யவில்லை' என்று இருக்க வேண்டும். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. இப்படிப் பல நாள் எழுதிப் பார்த்தால்தான் அவன் கணக்கிலிருந்து தப்பிக்கிறானா, டீச்சரின் கவனம் வேண்டுமா என்பது தெரியும். தப்பிக்கத்தான் என்றால், வெளியே அனுப்புவது அவன் கேட்டதையே கொடுப்பதாகிவிடும்.

அங்கேயே இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் ஸூலு பேசும் பிள்ளைகள் நிறைய, பாடம் நடப்பதோ ஆங்கிலத்தில். சொன்னது புரியாத பிள்ளையும் சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பார்கள். காது சரியாகக் கேட்கிறதா, காலையில் சாப்பிட்டு வந்தானா என்றும் விசாரிக்கட்டும்.

அப்புறம் ஒத்திகை. பள்ளி விட்டதும் காலி வகுப்பில் நீங்கள் அந்தப் பையனாக உட்காருங்கள், கத்துங்கள், நிஜமாகவே பென்சிலை எறியுங்கள். ஒரு மாணவி கையாளட்டும், மற்றவள் பார்த்துக் குறிக்கட்டும். முடிந்ததும் 'நல்லா செஞ்சே' என்று சொன்னால் போதாது. 'அவன் கத்தும்போது அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்டாய், ஒன்று மட்டும் சொல்லிவிட்டு 5 விநாடி பொறு, பென்சிலை எடுத்த உடனே பாராட்டு' என்று சொல்லுங்கள். தடுமாறாமல் வரும்வரை மறுபடி மறுபடி, அதன் பிறகுதான் பையனிடம்.

திட்டம் வகுப்பு டீச்சரால் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கணக்கைச் சின்னதாக வெட்டிக் கொடுப்பது, மேசையில் ஒரு அட்டை வைத்து அதைக் காட்டினால் 2 நிமிட ஓய்வு தருவது, இந்த அளவு போதும். எறிந்தால் இனித் தப்பிக்க முடியாது என்றானதும் அவன் சில நாள் முன்னைவிட அதிகமாக எறியலாம். மாணவிகளுக்கும் டீச்சருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பெரும்பாலோர் சரியாக இந்த இடத்தில்தான் பயந்து கைவிடுகிறார்கள்.

'நாலு போடு போட்டால் சரியாகிவிடும்' என்று ஒரு தாத்தாவாவது வந்து சொல்வார். பள்ளியில் அடிப்பதை 1996 பள்ளிகள் சட்டம் தடை செய்துவிட்டது என்பதை மரியாதையாகச் சொல்லி, அதே மூச்சில் நாம் என்ன செய்கிறோம் என்றும் விளக்க மாணவிகளைப் பழக்குங்கள். நோய்ப் பெயர் எதையும் அவர்களாகவே பெற்றோரிடம் சொல்லக் கூடாது, அது சூப்பர்வைசர் உளவியலாளரின் பொறுப்பு. பிள்ளை வீட்டில் அடிபடுவதாகவோ வேறு கொடுமை நடப்பதாகவோ சொன்னால் அன்றே உங்களிடமும் அவரிடமும் வர வேண்டும். 2005 குழந்தைகள் சட்டப்படி அதைப் புகார் செய்தே ஆக வேண்டும். கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து ஆதரவு தருவதற்கான 2014 எஸ்.ஐ.ஏ.எஸ். (SIAS) கொள்கைப்படி முதல் படிவத்தை நிரப்புவது வகுப்பு டீச்சர், இரண்டாவது உங்கள் குழு. மாணவிகள் எழுதிய குறிப்புகள் இரண்டுக்கும் உதவும், நிரப்பும் வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள்.

கடைசி 2 வாரம் அவர்கள் ஒதுங்கி நிற்க, டீச்சரே எல்லாம் செய்யட்டும். டீச்சர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் மாணவிகள் அவருக்குச் செய்து காட்டிவிட்டுப் போகட்டும்.