15 வருஷத்துக்கு ஒரு தடவை வரியா?

கேள்வி: பைசாந்தியப் பேரரசு (கிழக்கு ரோமப் பேரரசு) பற்றிய புத்தகத்தில் ஒரு பத்திரத்தின் தேதியாக 'ஏழாம் இண்டிக்சன்' என்று பார்த்தேன். ரோமானியர்கள் 15 வருஷத்துக்கு ஒருமுறை வசூலித்த வரி அது என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: வரி என்பது சரி, 15 வருஷத்துக்கு ஒருமுறை என்பதுதான் தப்பு. அவ்வளவு நல்ல அரசாங்கம் எங்கே இருந்தது?

லத்தீனில் 'இண்டிக்டியோ' என்றால் அறிவிப்பு. முதலில் இது, படைக்குத் தானியம் போதாதபோது திடீரென்று போடும் கூடுதல் வரியின் பெயர். ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் அதையே வருஷா வருஷம் கட்டும் வரியாக்கி, இந்த வருஷம் யார் எவ்வளவு கோதுமை அளக்க வேண்டும் என்று அறிவிக்க வைத்தார். எகிப்தில் கி.பி. 287 முதல் ஐந்தைந்து வருஷமாக எண்ணினார்கள், அப்புறம் கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில் 15 வருஷச் சுற்று வந்தது, அதன் தொடக்கம் 312 செப்டம்பர் 1 என்று கணக்கு.

பத்திரத்தில் தேதியாக எழுதியது இந்த வரி வருஷத்தின் நம்பரைத்தான். சிக்கல் எங்கே என்றால், சுற்றுக்கு நம்பர் கிடையாது, சுற்றுக்குள் இருக்கும் வருஷத்துக்குத்தான் நம்பர். ஆகவே 'ஏழாம் இண்டிக்சன்' என்றால் ஏழாவது சுற்று இல்லை, ஏதோ ஒரு சுற்றின் ஏழாவது வருஷம்: 318-319 ஆகலாம், 333-334 ஆகலாம், 348-349 ஆகலாம். நம் பிரபவ, விபவ கதைதான், எந்த அறுபது என்று தெரியாமல் முழிப்போமே, அதே மாதிரி. வரி கட்டினவருக்கு இதில் குழப்பமே இல்லை, போன வருஷ ரசீதா இந்த வருஷ ரசீதா என்று தெரிந்தால் அவருக்குப் போதும். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ரசீதில் வெறும் இண்டிக்சன் நம்பர் மட்டும் இருந்தால், கையெழுத்தின் பாணியையும் அதில் வரும் ஆட்களின் பெயரையும் வைத்து நூற்றாண்டைப் பிடிக்க வேண்டியது இன்றைய ஆய்வாளர்களின் தலையெழுத்து. 537இல் பேரரசர் ஜஸ்டினியன் போட்ட சட்டம் பத்திரங்களில் பேரரசரின் ஆட்சியாண்டை முதலில் எழுதச் சொன்னது. அடுத்து கான்சல் என்ற ரோமானிய உயர் பதவியாளரின் பெயர், அப்புறம்தான் இண்டிக்சன். அப்படி எழுதியிருந்தால் பிழைத்தோம்.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். கி.பி. ஆண்டோடு 3 கூட்டி 15ஆல் வகுங்கள், மீதிதான் இண்டிக்சன், மீதி வராவிட்டால் 15. செப்டம்பர் பிறந்துவிட்டால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், 15க்கு அடுத்து மறுபடி 1. ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு இன்றும் செப்டம்பர் 1தான் திருச்சபை ஆண்டின் முதல் நாள், அதற்கும் இண்டிக்சன் என்றே பெயர்.