திரவம் மாதிரி உருமாறும் ஒரு ஜந்துவை வைத்துப் புதிர் கேம் செய்ய ஆசை. எந்த ஃப்ளூயிட் சிமுலேஷனில் தொடங்கலாம்?

நீங்கள் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறக்கிற ஆள். கோடிங் ஓரளவு வரும். யூடியூபில் யாரோ ஆயிரக்கணக்கான நீலத் துளிகளைத் தொட்டிக்குள் ஆட்டிக் காட்டியிருப்பார்கள், ‘இதுக்கு ரெண்டு கண்ணு வெச்சா கேம் ரெடி’ என்று தோன்றியிருக்கும். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

‘எந்த சிமுலேஷன்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் சுருக்கென்றது. அந்த ஒரு கேள்வியிலேயே எட்டு மாதம் உட்கார்ந்திருந்தவன் நான்.

நான் எடுத்தது எஸ்பிஎச் (ஸ்மூத்டு பார்ட்டிகிள் ஹைட்ரோடைனமிக்ஸ்), அதாவது திரவத்தைத் துளித்துளியாகப் பிரித்து அதன் ஓட்டத்தைக் கணக்கிடுகிற ஃப்ளூயிட் சிமுலேஷன். 1977-ல் வானியற்பியல் கணக்குகளுக்காக வந்த முறை, பிற்பாடு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்காரர்கள் தண்ணீருக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு துளியும் சுற்றியிருக்கும் துளிகளைப் பார்த்து, இங்கே நெரிசலா காலியா என்று கணக்குப் போட்டு நகரும். 600 துளி வைத்தேன். லேப்டாப்பில் ஜம்மென்று ஓடியது, போனில் திக்கியது. திக்கினால்கூடப் பரவாயில்லை, துளியைக் குறைத்துக்கொள்ளலாம். நேற்றுத் தீர்ந்த புதிர் இன்று தீரவில்லை, அதுதான் வினை. அதே லெவல், அதே இடத்தில் அதே இழுப்பு. இன்றைக்கு நான்கு துளி சுவருக்கு அந்தப் பக்கம் தெறித்து மாட்டிக்கொள்ளும், மிச்ச உடம்பு கதவருகே முழித்துக்கொண்டு நிற்கும். பிரேம் (திரையில் அடுத்தடுத்து வருகிற ஒவ்வொரு படம்) வருகிற வேகத்துக்கு ஏற்ப, கணக்கின் நேர அளவை மாற விட்டிருந்தது என் முட்டாள்தனம். ஒவ்வொரு கணக்கும் 1/60 வினாடி என்று கட்டிப்போட்டேன். பாதி சரியானது. ஆனால் விரல் ஒரு நூல் தள்ளிப் பட்டாலும் முடிவு வேறு. தண்ணீர் என்றால் அப்படித்தான் இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது.

அக்கா மகளிடம் கொடுத்தேன். ஏழாம் வகுப்பு. பத்து நிமிடம் போனை அப்படியும் இப்படியும் இழுத்து விளையாடினாள், சிரித்தாள், எனக்கு ஒரே பெருமை. அப்புறம் கேட்டாள்: “சரிங்க மாமா, கேம் எப்ப ஆரம்பிக்கும்?”

இரண்டு வாரம் அந்த ஃபோல்டரைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 2005-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு பரிசோதனைத் திட்டம் நடத்தினார்கள். ஒரு கேமை ஒரே ஆள், ஏழு நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்பது விதி. அப்படி வந்தவற்றில் ஒன்றுதான் டவர் ஆஃப் கூ, அதை வளர்த்துத்தான் 2008-ல் வேர்ல்ட் ஆஃப் கூ வந்தது. அவ்வளவு பிசுபிசுப்பாகத் தெரிகிற அந்த கேமில் நீங்கள் அடுக்குவது வெறும் உருண்டைகளையும் அவற்றை இணைக்கிற குச்சிகளையும்தான். திரவம் நம் கண்ணில்தான் இருக்கிறது. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துமே எட்டு மாதம் போட்டேன், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடம் தீபாவளிக்கு முறுக்குப் பிழிகிற வேலை எனக்கு வந்தது. அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. அச்சில் ஒரே அளவு மாவுதான் போடுகிறேன். தேன்குழல் தட்டு போட்டால் தடியாக வந்து சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஓமப்பொடித் தட்டு போட்டால் கை வலிக்க வலிக்க வந்துகொண்டே இருக்கிறது. மாவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விதி கிடைத்தது: பரப்பு மாறாது. நீளமாக இழுத்தால் எட்டாத இடம் எட்டும், ஆனால் ஒல்லியாகிவிடும். ஒல்லியானால் பட்டனை அமுக்குகிற கனம் அந்த முனையில் இருக்காது.

600 துளியையும் தூக்கிப் போட்டேன். வட்டமாக 24 புள்ளிகள். பக்கத்துப் புள்ளியோடு ஒவ்வொன்றையும் ஸ்பிரிங்கால் கட்டினேன். வளையத்துக்குள் இருக்கும் பரப்பை ஒவ்வொரு பிரேமிலும் ஷூலேஸ் சூத்திரத்தால் (புள்ளிகள் இருக்கும் இடங்களை வைத்தே பரப்பைச் சொல்லும் சூத்திரம்) கணக்கிட்டு, குறைந்தால் எல்லாப் புள்ளியையும் வெளியே தள்ளு, கூடினால் உள்ளே இழு. புள்ளிகளை நகர்த்த வெர்லே முறை. வேகத்தைத் தனியாக வைத்துக்கொள்ளாமல், இப்போதைய இடத்தையும் முந்தைய இடத்தையும் வைத்தே அடுத்ததைக் கண்டுபிடிப்பது. புள்ளிக்கு இரண்டு இடம், இடத்துக்கு இரண்டு எண், ஆக முழு உடம்புக்கும் 96 எண்தான். அவற்றைச் சேமித்து வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம், அதனால் ‘பின்வாங்கு’ பட்டன் வைப்பது ஒரு மாலை வேலையாக முடிந்தது. புதிர் கேமுக்கு அந்தப் பட்டன் ரொம்ப முக்கியம், முதல் வாரமே வையுங்கள்.

சிக்கல் வராமல் இல்லை. வேகமாக இழுத்தால் வளையம் 8 மாதிரி முறுக்கிக்கொள்ளும். அப்போது ஒரு வளையத்தின் பரப்பு இன்னொன்றிலிருந்து கழிந்துவிடுவதால், உடம்பு சுருங்கிவிட்டதாக நினைத்து ஊத ஆரம்பிக்கும். ஒரு தடவை திரை முழுக்க ஒரு கண் மட்டும் தெரிந்தது. கடைசியில் விரல் இழுக்கிற வேகத்துக்கே உச்சவரம்பு வைத்துவிட்டேன்.

மறுபடியும் அக்கா மகளிடம் கொடுத்தேன். மூன்றாவது லெவலில் போனைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இழுத்தா ஒல்லியாயிரும்ல மாமா. அப்ப அந்தப் பட்டன அமுக்க முடியாதே. மொதல்ல அந்தக் கல்ல முழுங்கோணும்.” தொடாமலே சொன்னாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே: எஸ்பிஎச் மோசம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. திரவத்தை வைத்து அருமையான கேம்கள் இருக்கின்றன, ‘வேர்ஸ் மை வாட்டர்’ விளையாடாதவர் யார். ஆனால் அதில் நீங்கள் மண்ணைத் தோண்டுகிறீர்கள், தண்ணீர் அதன் போக்கில் போகிறது. நான் பேசுவது தண்ணீரையே கையில் பிடித்து உருவம் கொடுக்கிற கேமைப் பற்றி. ‘என் போனில் 2000 துளி ஓடுது ப்ரோ’ என்பவர்களுக்கு வாழ்த்துகள்.

எழுத வந்தது இதற்கில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். உடம்பெல்லாம் சரியாகி, தமிழில் குறிப்புகள் போடலாம் என்று ‘கொஞ்சம் இழு’ என்று தட்டினேன். நான் வைத்திருந்த கேம் இஞ்சினின் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) பழைய பதிப்பு கொம்பை ‘க’வுக்கு முன்னால் வைக்காமல் பின்னால் தள்ளிக் காட்டியது. ஃபோரத்தில் கேட்டால், ‘யூஸ் இங்கிலீஷ்’ என்று ஒரு வரிப் பதில், அதுவும் நம்ம ஊர்ப் பெயர் கொண்ட ஒருவரிடமிருந்து. ஒரு ஜந்துவை எப்படி வேண்டுமானாலும் நெளிய வைக்க முடிகிறது, ஒரு கொம்பை ஒரு எழுத்து இடப்பக்கம் நகர்த்த முடியவில்லை. கடைசியில் எல்லாக் குறிப்பையும் படமாக வரைந்து ஒட்டினேன். புதிய பதிப்பில் சரியாகிவிட்டது. அதற்குள் 38 படம் வரைந்து முடித்திருந்தேன்.

கேம் இலவசமாகத்தான் கிடக்கிறது, இதுவரை 212 பேர் இறக்கியிருக்கிறார்கள். பெரிய வெற்றி கண்டவன் மாதிரி அறிவுரை சொல்கிறான் என்று யாராவது சொன்னால், அதுவும் சரிதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஃப்ளூயிட் சிமுலேஷன் எதுவும் வேண்டாம், 24 புள்ளியில் தொடங்குங்கள். 12 வைத்தால் நெளியும்போது மூலை தெரிகிறது. 40 வைத்தபோது, ஒவ்வொரு பிரேமிலும் ஸ்பிரிங்கைத் திரும்பத் திரும்பச் சரிசெய்கிற சுற்றுகளைக் கூட்டாமல் விட்டதால், தொளதொளவென்று ஆகிவிட்டது. கண்ணைக் கடைசியில் வையுங்கள். நான் முதல் நாளே வைத்துவிட்டேன், அதனால்தான் அந்த 600 துளியை அழிக்க இரண்டு வாரம் ஆனது.