அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளின் மதிப்பெண்களை, கட்டணம் கட்டும் பெற்றோர் கேட்டுப் பெற முடியுமா?

மகள் எழுத்து மூலம் ஒப்புதல் தராதவரை முடியாது என்பதே பொதுவான பதில். கட்டணத்தை யார் கட்டினார்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றும் எனக்கு, இரவு வெகுநேரம் விழித்திருந்து தமிழ்நாட்டிலிருந்து அழைக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்வது இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

மாணவர்களின் கல்விப் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும், சுருக்கமாக 'ஃபெர்பா' எனப்படும் 1974-ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு அடிப்படை. பள்ளிப் பருவத்தில் பெற்றோரிடம் இருக்கும், அப்பதிவுகள் மீதான உரிமை, பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், அல்லது அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அப்போதே, பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. அமெரிக்க வருமான வரிச் சட்டப்படி பெற்றோரைச் சார்ந்து வாழும் பிள்ளையாக இருந்தால், ஒப்புதல் இல்லாமலும் பெற்றோருக்கு விவரம் தரச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் தந்தே ஆகவேண்டும் என்று பல்கலைக்கழகத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. அந்நாட்டில் வரிக்கணக்கே தாக்கல் செய்யாத இந்தியப் பெற்றோருக்கு இவ்வழி பெரும்பாலும் பயன்படாது.

பெற்றோருக்கு மூடப்பட்ட இந்தக் கதவு வேறு சிலருக்குத் திறந்திருப்பதுதான் பலருக்கும் வியப்பளிக்கிறது. கற்பித்தல் தொடர்பான நியாயமான தேவை உள்ள பேராசிரியர்களும் அலுவலர்களும் ஒப்புதலின்றிப் பார்க்கலாம். வெறும் ஆவலால் பார்ப்பதற்கு அவர்களுக்கும் அனுமதியில்லை. மாணவர் சேர விரும்பும் வேறு பல்கலைக்கழகம், நிதியுதவியை முடிவு செய்வோர், நீதிமன்ற ஆணையுடன் வருவோர் ஆகியோரும் இந்த விலக்குகளில் அடங்குவர். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வந்தவர் முழுநேரப் பாடச்சுமையைக் குறைத்துக்கொண்டால், அந்தச் செய்தி 'செவிஸ்' என்னும் கணினி முறை வழியாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போய்ச் சேரும். ஊரிலுள்ள தாய்க்கு அது தெரியாமலே போகலாம். இது எனக்கு முறையாகப் படவில்லை, ஆனால் நடைமுறை இதுவே.

உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேரும் அவசரநிலையில் பெற்றோரை அழைத்துச் சொல்லத் தடையில்லை. 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, பல நிறுவனங்கள் இச்சட்டத்துக்கு அஞ்சி வாய்திறவாமல் இருப்பது வெளிப்பட்டதால், மறு ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டு, இந்த விலக்கு தெளிவாக்கப்பட்டது.

எனவே அலுவலகத்திடம் வாதிடுவதைவிட மகளிடமே பேசுவது நல்லது. எந்தப் பதிவு, யாருக்கு, எதற்காக என்பதைக் குறித்து அவர் தேதியிட்டுக் கையொப்பமிட்டால் போதும். பல பல்கலைக்கழகங்களில் இணையவழியிலேயே இதைச் செய்யலாம். மதிப்பெண்ணை விடுத்துக் கட்டணக் கணக்கை மட்டும் காட்டவும் அவர் ஒப்புதல் தரலாம். கட்டண நிலுவையும் கல்விப் பதிவாகவே கருதப்படுவதால், அதற்கும் அவருடைய ஒப்புதல் தேவை.