பெரூஜா சாக்லேட் விழாவுக்குப் போலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் தங்கச்சியும் ரோம், ஃப்ளோரன்ஸ் போறதா பிளான் போட்டுட்டு இருக்கோம். நடுவுல பெரூஜான்னு ஒரு ஊர்ல பெரிய சாக்லேட் விழா நடக்குமாமே, அதுக்காக ரெண்டு நாள் ஒதுக்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: தாராளமா ஒதுக்குங்க. ஆனா விழாவுக்குன்னு மட்டும் போகாதீங்க, ஊருக்காகவும் போங்க. யூரோசாக்லேட்னு பேரு, எவுஜேனியோ குவார்தூச்சிங்கிற உள்ளூர்க்காரர் 1994-ல ஆரம்பிச்சது, ரொம்ப வருஷமா அக்டோபர்ல நடந்துட்டு இருந்துச்சு, 2024-ல நவம்பர் நடுவுக்கு மாத்திட்டாங்க. அதனால பழைய பயணக் கட்டுரைய நம்பி அக்டோபருக்கு டிக்கெட் போட்டுடாதீங்க, விழாவோட சைட்ல தேதிய பாத்துட்டு அப்புறம் ஃபிளைட் புக் பண்ணுங்க.

ஊரோட மெயின் தெரு கோர்ஸோ வன்னூச்சி, விழா நேரத்துல அது முழுக்க ஸ்டால்தான், சும்மா சுத்திப் பாக்க காசு கிடையாது, வாங்குறதுக்குத்தான் காசு. சனி ஞாயிறு போனா கூட்டத்துல நகரவே முடியாது, எந்த ஸ்டால்ல என்ன இருக்குன்னே தெரியாம தள்ளிட்டுப் போயிடுவாங்க. செவ்வாய், புதன் மாதிரி வார நாள்ல காலைல பத்து மணிக்கே போயிடுங்க, அப்பதான் கடைக்காரங்க நின்னு பேசுவாங்க, ஒரு துண்டு உடைச்சுக் குடுத்து இது எந்த நாட்டு கோக்கோன்னு சொல்லுவாங்க.

எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சது சிற்பம் செதுக்குறதுதான். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம்னு ஒரே கட்டி சாக்லேட், எடை ஒரு டன்னுக்கு மேல, அதுல சிற்பிங்க உளி வச்சு நடுத்தெருவுலயே செதுக்குவாங்க, உதிர்ற சீவல சுத்தி நிக்கிறவங்களுக்குக் குடுக்குற வழக்கமும் உண்டு. குளிர்ல சாக்லேட் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும், உளி பட்டா பொலபொலன்னு உதிரும், குழந்தைங்க எல்லாம் கைய நீட்டிட்டு முன்னாடி வந்து நிக்கும். இதுக்காகவே கொஞ்சம் நேரம் வச்சுக்கங்க.

இன்னொண்ணு, விழா சமயத்துல ஊருக்குள்ள ஹோட்டல் வாடகை எக்கச்சக்கமா ஏறிடும். ரூம் கிடைக்கலைன்னா பக்கத்து ஊருங்களான அசிசி இல்ல ஃபொலீன்யோவுல தங்கிட்டு ரயில்ல வந்து போலாம், அசிசிலேருந்து அரை மணி நேரம்கூட ஆகாது.

கேள்வி: பெரூஜா மலை மேல இருக்கிற ஊர்னு படிச்சேன். எங்க அம்மாவுக்கு முட்டி வலி, அவங்கள கூட்டிட்டுப் போக முடியுமா? ரோம்லேருந்து எப்படிப் போறது? (திருச்சி வாசகர்)

பதில்: தாராளமா கூட்டிட்டுப் போங்க. ரோம்லேருந்து ரயில்ல ரெண்டரை, மூணு மணி நேரம், சில வண்டி நேரா போகும், மத்ததுக்கு ஃபொலீன்யோவுல மாறணும். ஃப்ளோரன்ஸ்லேருந்து வந்தா ரெண்டு மணி நேரம் சுமார், நேர் வண்டி இல்லாதப்ப தெரோந்தோலாவுல மாறணும். பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம்ல இருக்கிற மெஷின்ல முத்திரை குத்திடுங்க, மறந்தா ஃபைன்.

ஸ்டேஷன் மலைக்குக் கீழ இருக்கு, பழைய ஊர் மேல. ஆனா ஏறுறதுக்கு ரெண்டு நல்ல வழி இருக்கு. ஒண்ணு மினிமெட்ரோ, 2008-லேருந்து ஓடுது, டிரைவர் இல்லாத சின்னச் சின்ன பெட்டிங்க கேபிள்ல ஏறும், ஸ்டேஷன் பக்கத்துலயே ஸ்டாப் இருக்கு, பின்ச்செத்தோங்கிற கடைசி ஸ்டாப்ல இறங்குங்க. ராத்திரி சீக்கிரமே நின்னுடும், அதனால கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு போர்டுல பாத்து வச்சுக்கங்க.

ரெண்டாவது வழிதான் அம்மாவுக்குக் காட்ட வேண்டியது. பர்த்திஜானி சதுக்கத்துலேருந்து எஸ்கலேட்டர் மேல எஸ்கலேட்டரா போயிட்டே இருக்கும், நடுவுல திடீர்னு ஒரு பழைய ஊருக்குள்ள நுழைஞ்சிடுவீங்க, தலைக்கு மேல செங்கல் வளைவு, ரெண்டு பக்கமும் வீட்டுச் சுவரு, தெரு முனை, வாசல் எல்லாம் அப்படியே இருக்கு, வானம் மட்டும் இல்ல. 1540-ல போப் மூணாம் பால் உப்புக்கு வரி போட, பெரூஜாக்காரங்க எதுத்து நின்னாங்க, சண்டைல தோத்தாங்க, ஊர அடக்கி வைக்கிறதுக்குன்னே போப் ஒரு கோட்டை கட்டுனாரு, அதுக்கு ஊர ஆண்ட பாலியோனி குடும்பத்தோட வீடுங்க இருந்த தெருவையே அஸ்திவாரமா மூடிட்டாரு. ரோக்கா பவோலீனான்னு பேரு. 1860-க்கு அப்புறம் கோட்டையோட மேல் பகுதிய மக்கள் இடிச்சுத் தள்ளிட்டாங்க, கீழ புதைஞ்ச தெரு மட்டும் தப்பிச்சுது. இன்னைக்கும் அந்த ஊர் ரொட்டில உப்பு போட மாட்டாங்க, அந்த வரிக் கோவம்தான் காரணம்னு ஊர்ல சொல்லுவாங்க.

மேல வந்ததும் கோர்ஸோ வன்னூச்சி கிட்டத்தட்ட சமதரைதான், அம்மா நிதானமா நடக்கலாம். தெருவோட அந்தக் கோடில ஃபொன்தானா மஜ்ஜோரேன்னு 1270-கள்ல செஞ்ச கல் நீரூற்று, சுத்தி ஒவ்வொரு மாசமும் என்ன விவசாய வேலைன்னு செதுக்கி வச்சிருக்காங்க, மறக்காம பாருங்க. பக்கத்துச் சந்துக்குள்ள மட்டும் இறங்காதீங்க, எல்லாம் செங்குத்தான படி.

கேள்வி: வெள்ளித்தாள்ல நீல நட்சத்திரம் போட்ட பாச்சி சாக்லேட் பெரூஜாலதான் பிறந்துச்சா? அத யாரு கண்டுபிடிச்சது? (கோவை வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்கு ரொம்ப நன்றி, ஏன்னா அந்தப் பொம்பளைய பத்தி நம்ம ஆளுங்களுக்கு அவ்வளவா தெரியாது. பேரு லுயீசா ஸ்பான்யோலி, 1877-ல பெரூஜாலயே பிறந்தவங்க, புருஷனோட சேந்து ஒரு சின்ன மளிகைக் கடை நடத்துனாங்க, 1907-ல ஃப்ரான்செஸ்கோ புயித்தோனியோட கூட்டு சேந்து பெரூஜீனா கம்பெனி ஆரம்பிச்சாங்க. முதல் உலகப் போர் வந்து ஆம்பளைங்க எல்லாம் போருக்குப் போனப்ப இவங்கதான் தன்னோட பசங்கள வச்சுக்கிட்டு ஃபாக்டரிய இழுத்துப் புடிச்சு ஓட்டுனாங்க, வேலைக்கு வர்ற அம்மாங்களோட குழந்தைங்களுக்கு ஃபாக்டரிலயே காப்பகமும் வச்சாங்க.

ஃபாக்டரில உடைஞ்ச ஹேசல்நட் துண்டு நிறைய மிச்சமாகும். அத வீணாக்க மனசில்லாம சாக்லேட்டோட பிசைஞ்சு உருட்டி, மேல ஒரு முழு ஹேசல்நட் வச்சு, டார்க் சாக்லேட்ல முக்கி எடுத்தாங்க, 1922-ல வந்த பாச்சி அதுதான். உருவம் மடக்கின கைமுட்டி மாதிரி இருந்ததால முதல்ல குத்துன்னு அர்த்தம் வர்ற பேர வச்சாங்க, யாராவது கடைக்கு வந்து ஒரு குத்து குடுங்கன்னு கேப்பாங்களான்னு ஃப்ரான்செஸ்கோவோட பையன் ஜொவான்னி புயித்தோனி முத்தம்னு அர்த்தம் வர்ற பாச்சின்னு மாத்திட்டாரு. அந்த வெள்ளித்தாள், உள்ள காதல் வரி எழுதின சின்னச் சீட்டு எல்லாம் ஃபெதெரீக்கோ செனேக்காங்கிற ஓவியரோட வேலை. லுயீசா இதோட நிக்கல, அங்கோரா முயல் ரோமத்துல துணி நெய்ற தொழிலும் ஆரம்பிச்சாங்க, அந்த பிராண்டு இன்னைக்கும் அவங்க பேர்ல இருக்கு. 1935-ல இறந்துட்டாங்க. பெரூஜீனா கம்பெனி 1988-ல நெஸ்லே கைக்குப் போயிடுச்சு.

சான் சிஸ்தோங்கிற இடத்துல ஃபாக்டரியும் மியூசியமும் இருக்கு, நாமளே சாக்லேட் செஞ்சு பாக்கிற கிளாஸும் உண்டு, ரெண்டுக்கும் முன்கூட்டியே புக் பண்ணணும். விழாவுக்குப் போறவங்க பாதிப் பேரு இங்க வர்றதில்ல, எனக்கு அது வருத்தம்தான். விழா இல்லாத மாசத்துல பெரூஜா போனாலும் இது ஒண்ணுக்காகவே ஒரு அரை நாள் குடுக்கலாம்.

கேள்வி: சாக்லேட்டுக்கு டூரின்தான் பெஸ்ட்னு ஃப்ரெண்ட் சொல்றான். எங்க போறது? (சென்னை வாசகர்)

பதில்: சாப்பிடுறதுதான் நோக்கம்னா உங்க ஃப்ரெண்ட் சொல்றதுல நியாயம் இருக்கு. நெப்போலியன் காலத்துல டூரின்ல கோக்கோ கிடைக்காம விலை ஏறினப்ப பக்கத்து லாங்கே மலைல விளையுற ஹேசல்நட்ட அரைச்சுச் சேத்து சமாளிச்சாங்க, அங்கேருந்து வந்ததுதான் ஜந்தூயாங்கிற ஹேசல்நட் சாக்லேட். 1763-லேருந்து இருக்கிற பிச்செரின் காஃபி கடைல காபி, சாக்லேட், க்ரீம்னு அடுக்கடுக்கா கிளாஸ்ல ஊத்தித் தருவாங்க, கலக்காம அப்படியே குடிக்கணும். சிசிலில மோதிக்கான்னு இன்னொரு ஊரு, அங்க சர்க்கரை கரையாத அளவுக்குக் குறைஞ்ச சூட்டுல சாக்லேட் செய்வாங்க, கடிச்சா நறநறன்னு இருக்கும், முதல் தடவை பிடிக்காது, ரெண்டாவது துண்டுல பிடிச்சிடும். ஆனா முதல் தடவை இத்தாலி போற ஆளுக்கு நான் பெரூஜாதான் சொல்லுவேன், ரோமுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் நடுவுல இருக்கு, சின்ன ஊரு, ரெண்டு நாள்ல மனசுக்கு நெருக்கமாயிடும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். அங்க என்ன சாப்பிடுறது? (கும்பகோணம் வாசகி)

பதில்: தோர்த்தா அல் தெஸ்தோ கேளுங்க, சூடான கல்லுல சுடுற தடிமனான ரொட்டி, நடுவுல வதக்கின கீரை வச்சுத் தருவாங்க, வயிறு நிறையும். பார்மேசான் சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்கிற ரென்னெட் சேக்குறாங்க, அது வேணாம்னா முன்னாடியே சொல்லிடுங்க. சாக்லேட்லயும் உள்ள மதுபானம் ஊத்தினது நிறைய விப்பாங்க, "சென்சா ஆல்கோல்?"னு கேட்டுட்டு வாங்குங்க.

கேள்வி: நிறைய சாக்லேட் வாங்கிட்டு வரணும்னு ஆசை, நம்ம ஊரு வெயில்ல உருகிடாதா? (வேலூர் வாசகர்)

பதில்: கோக்கோ பட்டர் 34 டிகிரி பக்கம் உருகிடும், நம்ம ஊர்ல கார்ல வச்சாலே போதும். டார்க் சாக்லேட்டா வாங்குங்க, மில்க் சாக்லேட்ட விட கொஞ்சம் தாங்கும். பெட்டியோட நடுவுல துணிக்குள்ள சுத்தி வைங்க, கைப்பைலயும் கொண்டு வரலாம், ஆனா பாட்டில்ல வர்ற ஹேசல்நட் க்ரீம் திரவக் கணக்குல வரும், 100 மில்லிக்கு மேல இருந்தா பல ஏர்போர்ட் செக்யூரிட்டில புடுங்கிடுவாங்க, அத செக்-இன் லக்கேஜ்ல போட்டுடுங்க. வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ்ல வைக்கிறதா இருந்தா காத்து புகாத டப்பால போட்டு வைங்க, வெளிய எடுத்தா டப்பாவத் திறக்காம ஒரு அரை மணி நேரம் விட்டுட்டுத் திறங்க, இல்லன்னா மேல ஈரம் கோத்து வெள்ளை படிஞ்சிடும். அப்படிப் படிஞ்சாலும் அது பூஞ்சை இல்ல, சாப்பிடலாம், தூக்கிப் போட்டுடாதீங்க.